ஒயரக்காவும் நாலாவது கம்பியும்

செருப்பை வாசலில் விட்டு, வணக்கம் சொன்ன மேலாளருக்குப் பாதி வணக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒயரக்கா நேராக மெஷினின் பின்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்பக்கம் எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். எடைமேடையோ, காது சோதிக்கிற பெட்டியோ, துணியில் பூ தைக்கும் எந்திரமோ, எதுவானாலும் முதலில் முதுகு. “மூஞ்சி எல்லாருக்கும் சிரிக்கும். முதுகுல கை வெச்சாத்தான் சங்கதி தெரியும்” என்பார்.

அன்று வியாழக்கிழமை காலை அவர் தடவிக்கொண்டிருந்தது ஒரு பிரெயில் பிரிண்டரின் முதுகை. பார்வையற்றவர்கள் விரலால் படிக்கிற புள்ளிகளைத் தடித்த தாளில் குத்தித் தள்ளும் மெஷின் அது. ஒரு அலமாரியைப் படுக்கவைத்த அளவு இருக்கும். ஓட ஆரம்பித்தால் பக்கத்து அறையில் யாரும் போன் பேச முடியாது.

மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் மெய்ப்புக்காரி உட்கார்ந்திருந்தாள். இந்தச் சின்ன அச்சகத்திலிருந்து வெளியே போகும் தாள்களை விரலால் படித்துப் பிழை பார்க்கிறவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. பத்து வருஷமாக இதே நாற்காலி. உள்ளே வருகிற ஆளை அவள் காதாலேயே எடைபோட்டுவிடுவாள். இதற்கு முன் வந்த மூன்று மெக்கானிக்குகளும் வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் நாற்காலியைத்தான் இழுத்தார்கள். இந்த அம்மாள் நாற்காலியைத் தொடவே இல்லை. முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ‘அப்பாடா’. அப்புறம் நகத்தால் எதையோ ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணும் சத்தம். இருபத்தைந்து வரை அவளும் கூடவே எண்ணினாள்.

“பல்லு எல்லாம் இருக்கு. எதுவும் ஆடல” என்றது பின்பக்கத்துக் குரல்.

ஒயரக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பாராம். தொலைபேசி நிலையத்தில் இருபது வருஷம் கம்பிகளோடு மாரடித்துவிட்டு, இப்போது பழைய சாதனங்களையும் புதுக் கம்ப்யூட்டர்களையும் பேசவைக்கிற வேலை. பழைய சாதனங்களுக்குப் பின்னால் முள் முள்ளாக ஒரு சீரியல் போர்ட் இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் அதற்கு இடமே இல்லை, தட்டையான யூஎஸ்பி துளை மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஓர் அடாப்டர். அந்த மூன்றுக்கும் அவர் உறவுமுறையே வைத்திருக்கிறார். சாதனம் பெருசு. கம்ப்யூட்டர் மாப்பிள்ளை. அடாப்டர் தரகர். “பெருசுக்குக் கோளாறுன்னு கூப்பிடுவாங்க. போய்ப் பாத்தா பெருசு கல்லு மாதிரி இருக்கும். தரகர் அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு சொல்லி வெச்சிருப்பான்.” ‘ரிப்பேர்’ என்ற சொல்லை அவர் வாயில் கேட்க முடியாது. பேச்சு நின்னுபோச்சு என்றுதான் சொல்வார்.

கேபிள்களெல்லாம் அவர் பேத்தியின் பழைய பையில் இருக்கின்றன. கைக்குழந்தையோடு வெளியே போகும்போது தோளில் மாட்டுகிற பை. பால் புட்டி வைக்கிற அறையில் அடாப்டர்கள், துணி வைக்கிற அறையில் ஈயம் பற்றவைக்கும் கருவி. மெய்ப்புக்காரியின் கையில் அவரே பையைக் கொடுத்து, பிடிச்சுக்கோ தங்கச்சி என்றார். ஓரத்தில் ரப்பர் வாத்து ஒன்று தட்டுப்பட்டது. அது எதற்கு என்று கேட்டதற்கு, எடுக்க மறந்து நாலு வருஷமாச்சு, இப்போ அது இல்லாம வேலை ஓடாது என்று பதில் வந்தது.

தரகரைச் சோதிக்கிற கருவி மட்டும் பையில் இல்லை, தலையில் இருக்கிறது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, அடாப்டரின் இரண்டாவது முள்ளையும் மூன்றாவது முள்ளையும் சேர்த்துக் கவ்வவைத்தார். ஒன்று பேசுகிற முள், ஒன்று கேட்கிற முள். இரண்டும் ஒட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் சொல்வது அதன் காதிலேயே திரும்பி விழ வேண்டும். அவர் விசையைத் தட்டத் தட்ட, திரையைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் குரல் அதே எழுத்துகளைத் திருப்பிச் சொன்னது. தரகர் பேசுகிறான், கேட்கிறான். ஆக அவன்மேல் பழியில்லை. முதல் மெக்கானிக் அந்த அடாப்டரைத்தான் மாற்றிவிட்டுப் போயிருந்தார். இரண்டாமவர் கம்ப்யூட்டரை வழித்துத் துடைத்து மென்பொருளை மறுபடி ஏற்றினார். மூன்றாமவர் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்.

மெய்ப்புக்காரிக்கு அன்று அவ்வளவு பதற்றம் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆறு மாதத்துக்கு முன் பழைய கம்ப்யூட்டர் செத்துப் புதியது வந்தது. கொண்டுவந்தவர் அடாப்டரையும் ஒரு புதுக் கேபிளையும் மாட்டி, ஒரு பக்கம் அடித்துக்காட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஒரு பக்க, இரண்டு பக்கச் சுற்றறிக்கைகள், சுத்தமாக வந்தன. போன மாதம் எட்டுப் பக்கக் கேள்வித்தாள் ஒன்று வந்தது. பதவி உயர்வுத் தேர்வு, பார்வையற்ற ஊழியர்கள் பதின்மூன்று பேர். அச்சகத்தில் ஒரு வழக்கம். எழுத்துப் பிழையைக் கம்ப்யூட்டரிலேயே கேட்டுத் திருத்திவிடுவதால், அடித்த தாளில் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் விரலால் பார்ப்பார்கள். புள்ளி நன்றாக எழும்பியிருந்தால் போதும். பத்து வருஷமாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை. அவளும் இரண்டு பக்கம் பார்த்தாள், சரி என்றாள், தாள்கள் போயின.

உள்ளே எங்கெங்கோ துண்டு துண்டாகக் காணாமல் போயிருந்தது. ஒரு கேள்வியின் தலையும் அடுத்த கேள்வியின் வாலும் ஒட்டிக்கொண்டு, மனிதனுக்கு விளங்காத ஒரு கேள்வி உண்டாகியிருந்தது. பதின்மூன்று பேரும் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், ‘இந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை, என் தவறாக இருக்கலாம்’ என்று எழுதிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கடைசி மூன்று சொல்லைக் கேள்விப்பட்டதிலிருந்து மெய்ப்புக்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுதேர்வு சனிக்கிழமை. தாள்களை வாங்கிப் போகத் தேர்வு வாரியத்தின் ஆள் இன்றே நான்கு மணிக்கு வருவார். கூடவே ஒரு கடிதம். இன்னொரு முறை பிழை நேர்ந்தால் இனி பிரெயில் தாள் கிடையாது, கேள்விகளை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்டுவார். மேலாளருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எப்படியோ தேர்வு எழுதினால் சரி என்றார். அவளுக்குத் தெரியும். அவள் படித்த காலத்தில் அப்படித்தான் எழுதினாள். ஒரு கேள்வியை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னபோது வாசிக்க வந்தவர் வாசித்தார். மூன்றாம் தடவை கேட்டபோது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வாசித்தார். நான்காம் தடவை அவள் கேட்கவில்லை, தெரிந்தவரை எழுதிவிட்டு வந்தாள்.

“தப்பு எந்த இடத்துல வருது?” என்று ஒயரக்கா கேட்டார். மேலாளர் பதில் சொல்ல வாயெடுத்தார். “உங்கள இல்ல தம்பி. படிக்கிறவங்களக் கேக்கறேன்.”

மூன்று மெக்கானிக் வந்து போயும் அவளை யாரும் இதைக் கேட்டதில்லை. எங்கெங்கேயோ வருகிறது, கேள்வித்தாளில் எண்ணிப் பார்க்கத் தெரியவில்லை என்றாள். அப்படியானால் எண்ணுகிற மாதிரி ஒன்று அடித்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, ஒயரக்கா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இருநூறு வரி தயார் செய்தார். ஒவ்வொரு வரியின் தலையிலும் அதன் எண். பக்கத்துக்கு இருபத்தைந்து வரி, எட்டுப் பக்கம். எண்ணுக்குப் பின்னால் எல்லா வரியிலும் ஒரே வாக்கியம். மெஷின் குத்தி முடித்ததும் தாள் சூடு ஆறுவதற்குள் மெய்ப்புக்காரி விரலை வைத்தாள். வைத்தவள் சிரித்துவிட்டாள். ‘பெருசே சாப்பிட்டாச்சா, பெருசே தூக்கம் நல்லா வந்துச்சா’ என்று இருநூறு தடவை விசாரித்திருந்தார் ஒயரக்கா.

சிரிப்பு மூன்றாம் பக்கம் வரைதான். எழுபத்தைந்தாம் வரியில் பெருசே சாப்பி என்பதோடு நின்றது. அதற்கடுத்து எழுபத்தாறு. அவள் விரல் வேகமெடுத்தது. தொண்ணூற்றொன்பதில் பாதி இல்லை, நூறு அடியோடு இல்லை. நூற்றிருபத்துநான்கில் பாதி, நூற்றிருபத்தைந்து இல்லை. நூற்றைம்பது இல்லை.

“அக்கா, பக்கம் முடியிற இடத்துல மட்டும்தான் முழுங்குது. மூணாம் பக்கத்துலேர்ந்து, எல்லாப் பக்கத்துலயும்.”

“கம்பி கெட்டிருந்தா கண்ட இடத்துல கடிக்கும். இது கணக்காக் கடிக்குது” என்றார் ஒயரக்கா. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு அவர் விளக்கியது இவ்வளவுதான். பெருசின் வயிறு சின்னது. ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொள்ளும். மாப்பிள்ளை ஒரு பக்கத்தை ஊட்டிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, அடுத்த பக்கத்தை ஊட்டுகிறான். அந்த நிறுத்தம் ஓரிரு நொடி குறைவு. முதல் இரண்டு பக்கம் எப்படியோ உள்ளே போய்விடுகிறது. மூன்றாவதிலிருந்து வயிறு நிரம்பி, கடைசிக் கவளம் வெளியே சிந்துகிறது. சிந்தியது எங்கேயும் போய்ச் சேராது, கேட்பாரும் கிடையாது.

அப்படியென்றால் இரண்டு இரண்டு பக்கமாக அடித்துவிட்டால் போதுமே, இன்றைய பாடு முடிந்துவிடுமே என்று மெய்ப்புக்காரி அவசரப்பட்டாள். மேலாளரும் அதேதான் என்றார்.

“அடிக்கலாம். நாளைக்கு நீ லீவு போட்டு, வேற ஒருத்தர் எட்டுப் பக்கத்தையும் மொத்தமா அனுப்பினா?” என்று ஒயரக்கா கேட்டார். அவர் கேபிளைக் கழற்றி அதன் முனையிலிருந்த மூடியைத் திறந்தார். இருபத்தைந்து முள்ளுக்கான மூடிக்குள் மூன்றே மூன்று கம்பி. பேச ஒன்று, கேட்க ஒன்று, இரண்டு பேருக்கும் பொதுவான தரைக்கம்பி ஒன்று. வயிறு நிரம்பினால் ‘பொறு’ என்று சொல்லப் பெருசுக்கு ஒரு தனி முள் உண்டு. அதற்குக் கம்பியே இழுக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரோடு பழைய கேபிளையும் குப்பையில் போட்டபோது அந்தக் கம்பியும் சேர்ந்து போயிருந்தது.

நாலாவது கம்பியை வழக்கமான இடமான இருபதாம் முள்ளில் பற்றவைத்து, அந்தக் கம்பிக்குக் காது கொடுக்கும்படி கம்ப்யூட்டரிலும் மாற்றிவைத்தார். இருநூறு வரியை மறுபடி அடித்தார்கள். எழுபத்தைந்தாம் வரியில் விரல் நின்றது. சாப்பி.

வேறு ஆளாக இருந்தால் இந்த இடத்தில் மெஷினைத் திட்டியிருப்பார். மெய்ப்புக்காரி அதற்குத்தான் காத்திருந்தாள். “நான் தப்புப் பண்ணிட்டேன். பெருசக் கேக்காம நானே முடிவு பண்ணிட்டேன்” என்றது தரையிலிருந்து குரல். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை என்று நினைவுபடுத்தினார், கொஞ்ச நேரம் கழித்து முப்பத்திரண்டு என்றார். கொஞ்சம் வெளியே காற்று வாங்கிட்டு வாங்க தம்பி என்று ஒயரக்கா அவரை அனுப்பிவைத்தார்.

சாதாரணமாக ஒவ்வொரு முள்ளிலும் ஒரு குட்டி விளக்கை வைத்துப் பார்ப்பாராம், எந்த முள்ளில் வெளிச்சம் மாறுகிறது என்று. அன்று விளக்கை எடுத்தவர் அதை மறுபடி பைக்குள்ளேயே போட்டார். துழாவித் துழாவி, மின்சாரம் பட்டால் கீச்சிடுகிற ஒரு பஸ்ஸரை எடுத்தார். சட்டைப் பொத்தான் அளவு. “நான் முள்ளுல வெச்சுக்கிட்டே போறேன். நீ பக்கம் பக்கமா அனுப்பு. என் காது மெஷின் சத்தத்துல மந்தமாயிடும். உன் காத நம்பித்தான் இருக்கேன்.”

அவள் அனுப்பினாள். நான்காம் முள்ளில் ஒன்றும் கேட்கவில்லை. ஆறில் தொடக்கத்திலிருந்தே விடாமல் கத்தியது, அது இல்லை. எட்டில் ஒன்றுமில்லை. மெஷின் தடதடவென்று குத்திக்கொண்டே இருந்தது. அவள் மூச்சை அடக்கிக் குனிந்திருந்தாள். பதினோராம் முள்ளில் முதல் பக்கம் போனது, இரண்டாம் பக்கம் போனது, மூன்றாம் பக்கம் முடியப் போகிற இடத்தில், அத்தனை தடதடப்புக்கு அடியில், மெல்லிசாக ஒரு கீச்சு. சில நொடி நீடித்தது. மெஷின் இன்னும் ஒரு வரி குத்தி முடித்ததும் கீச்சு நின்றுவிட்டது. அடுத்த பக்கத்தின் முடிவில் மறுபடியும் அதே கீச்சு.

“அக்கா, இதுதான்! சொல்லுது!”

அந்த ஒரு கத்தலுக்கு வெளியே இருந்த மேலாளர் ஓடி வந்துவிட்டார். அவளுக்கு அழுகை முட்டியது, அதை மறைக்கவும் இல்லை. வயிறு நிரம்பிய ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அந்த மெஷின் பொறு, பொறு என்று முறையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்திருக்கிறாள். இப்படி ஒரு சொல் அதனிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. முப்பது வருஷத்து இரும்புக்குள் கையை விட்டு, அதன் ஒரே ஒரு சொல்லை எடுத்து அவள் காதில் போட்டுவிட்டுத் தரையில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார் ஒரு மனுஷி. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

“அடேயப்பா. இந்தத் தடதடப்புல அது உனக்குக் கேட்டுச்சா? எனக்குச் சத்தியமா ஒண்ணும் கேக்கல” என்றார் ஒயரக்கா. மலைப்பு அந்தப் பக்கமும் இருந்தது.

நாலாவது கம்பி இருபதிலிருந்து பதினொன்றுக்கு மாறியது. இருநூறு வரியும் சிந்தாமல் சிதறாமல் வந்தன. கடைசி வரியில் ‘பெருசே தூக்கம் நல்லா வந்துச்சா’ என்ற கேள்விவரை முழுதாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒயரக்கா தண்ணீர் கேட்டார். பெருசு வாய் திறக்கிறவரை அவர் எந்த இடத்திலும் வாய் நனைப்பதில்லை. பிறகு பேத்தியின் பையிலிருந்து நகச்சாயக் குப்பியை எடுத்து, அடாப்டர் இருந்த யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் கெட்டியாக ஒரு சொட்டு வைத்தார். துளை மாற்றிச் செருகினால் மாப்பிள்ளைக்குப் பழைய ஆளையே அடையாளம் தெரியாது, புதுப் பெயர் வைத்துவிடுவான், அப்புறம் அச்சடிக்கிற மென்பொருள் பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும் என்றார். காய்ந்ததும் மெய்ப்புக்காரியின் விரலைப் பிடித்து அந்த மேட்டில் வைத்தார்.

பன்னிரண்டரைக்குக் கேள்வித்தாள் அடிக்க ஆரம்பித்தார்கள். பதின்மூன்று பிரதி, நூற்று நான்கு பக்கம். மணி ஒன்றேகால் ஆவதற்குள் அடித்து முடிந்துவிட்டது. மேலாளர் அவற்றை உறையில் போடக் கை நீட்டினார். மெய்ப்புக்காரி கட்டின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றாள். இரண்டு பக்கம் பார்த்தால் போதாதா, மெஷின்தான் சரியாகிவிட்டதே என்றார் அவர். அவள் முதல் பிரதியை எடுத்தாள். ஒயரக்காவின் வேலை முடிந்திருந்தது. வேறு இரண்டு இடத்திலிருந்து போன் வந்தும், வர்றேன் வர்றேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பவில்லை. படித்து முடிந்த பிரதிகளை வாங்கி, ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான்கு மணிக்கு வாரியத்தின் ஆள் வந்துவிட்டார். பதின்மூன்றாம் பிரதியில் ஐந்தாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். வண்டி காத்திருக்கிறது என்றார். ஆறாம் பக்கத்தில் ஒரு தடவை செருமினார். ஏழாம் பக்கத்தில் பன்னிரண்டும் சரியாக இருக்கும்போது இது மட்டும் எப்படித் தப்பாகும் என்று தனக்குள் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மெய்ப்புக்காரியின் விரல் படித்த வரியையே மறுபடி தொட்டது. தொண்டைவரை ‘சரி, எடுத்துட்டுப் போங்க’ வந்துவிட்டது.

எட்டாம் பக்கத்தைத் திருப்பினாள். மேலாளரின் காலடி மேசையை நோக்கி வேகமாக வந்தது. அவள் தோளுக்கு மேலே ஒயரக்காவின் வளையல்கள் ஒருமுறை குலுங்கின. காலடி பாதியில் நின்றது. உள்ளங்கையை விரித்துக் காட்டியிருக்க வேண்டும். வளையல் மறுபடி குலுங்கவில்லை. தூக்கிய கையை ஒயரக்கா இறக்காமல் வைத்திருக்க, மெய்ப்புக்காரி முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினாள்.